சம்மாட்டி குடித்த நாலாவது கிளாஸ்

அத்தியாயம் 9

சாவி கைக்கு வந்த முதல் நாளே இப்படி ஒரு சோதனை வந்து சேரும் என்று சந்தியாகு கனவிலும் நினைக்கவில்லை.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே போய்வரும் கப்பலில், பார் அலமாரியின் சாவி அது. அந்த அலமாரிக்கு முன்னால் நின்று ஐந்து வருஷம் கிளாஸ் கழுவியிருக்கிறான். பழைய பார்க்காரர் உழைத்தது போதும் என்று நீர்கொழும்புக்குப் போய்விட்டார். கப்பலில் சாப்பாட்டுக்கும் பாருக்கும் மேலதிகாரியான பெரிய ஸ்டூவர்ட் இவனைக் கூப்பிட்டு, ஒரு மாதம் பார்க்கிறேன், ஒரே ஒரு புகார் வந்தாலும் திருப்பி வாங்கிவிடுவேன் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். சந்தியாகு அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பெரிய ஸ்டூவர்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இவன் இந்த வேலைக்கு வந்த கதையைத் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பாம்பனில் வள்ளமும் வலையுமாக இருக்கிற குடும்பம். தகப்பனார் காலமான பிறகு அண்ணன் சிலுவைமுத்துதான் வள்ளத்துக்கும் தலைவர், வீட்டுக்கும் தலைவர். தம்பிக்குக் கடல் பிடித்தது, வலை பிடிக்கவில்லை. கப்பலில் கிளாஸ் கழுவப் போகிறேன் என்று அவன் கிளம்பியபோது, அண்ணன் ஒரு மழைக்காலம் முழுக்க அவனோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்.

கப்பலேறிய புதிதில் ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்கு ஷெர்ரி கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். பாம்பனில் விருந்தாளிக்கு எதைக் கொடுத்தாலும் விளிம்பு தொட ஊற்றித்தான் கொடுப்பார்கள். அரைக் கிளாஸ் நீட்டினால் வாசலோடு போகச் சொன்னதாக அர்த்தம். சந்தியாகு தன் வீட்டு மரியாதைப்படி விளிம்புவரை ஊற்றி, தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு நடந்துபோய் வைத்தான். அந்த அம்மாள் கிளாஸையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள், குடித்தாள். தனுஷ்கோடியில் இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கிவிட வேண்டியதாயிற்று. அன்றைக்கு வேலை போகாமல் தப்பியது மாதா புண்ணியம்.

அந்த ஒரு நாளில் அவன் கற்றுக்கொண்டதுதான் இன்றுவரை அவனுக்குச் சோறு போடுகிறது. சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு. கப்பல் தலைமன்னார்த் துறையை விட்டு விலகிய பிறகு அலமாரியைத் திறக்கலாம். தனுஷ்கோடி வந்தால் சுங்க அதிகாரி ஏறி, பூட்டின் மேல் அரக்கு வைத்துவிடுவார். நடுவில் இருக்கிற கடல் மட்டும்தான் பார். இனி மறு பயணத்தில்தான் பார்க்கப்போகிறோம் என்று ஆளாளுக்கு அவசர அவசரமாகக் குடிப்பார்கள். ஏணிக்குக் கீழே மதுவிலக்குப் போலீஸ் நிற்கும். நேராக நடக்கிறவனை விட்டுவிடுவார்கள். தள்ளாடுகிறவனை ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள், பிறகு அவன் பாடு போலீஸ் கச்சேரிதான்.

ஆகவே இந்தக் கப்பலில் பார்க்காரனுக்கு ஊற்றத் தெரிந்தால் மட்டும் போதாது. யாருக்கு எப்போது நிறுத்துவது என்றும் தெரிய வேண்டும். நிறுத்தியதற்காக அவர் கோபித்துக்கொண்டு புகார் எழுதாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலையில் இத்தனை கெட்டிக்காரனாக இருந்து என்ன செய்ய? பெண் கொடுக்க ஆள் இல்லை. மதுவிலக்கு ஊரில் பாட்டில் திறக்கிறவனுக்கு மாப்பிள்ளை மாலையா என்று கேட்டு இரண்டு சம்பந்தம் வாசலோடு திரும்பிவிட்டது. மூன்றாவதாக வந்தது பேசாலை சம்பந்தம். அக்கரையில் மன்னார்த் தீவில் நாலைந்து தோணி வைத்திருக்கும் கைத்தான் சம்மாட்டியின் மகள் பிரகாசி. தோணி முதலாளியை அங்கே சம்மாட்டி என்பார்கள். இந்த முறை சிலுவைமுத்து உஷாராகிவிட்டார். தம்பி கப்பலில் டிக்கெட் பரிசோதிக்கிற உத்தியோகத்தில் இருக்கிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மா யாகப்பம்மாளும், கழுத்தில் தாலி ஏறின பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

சந்தியாகுக்கு இது பிடிக்கவே இல்லை. இருந்தாலும் பிரகாசியை அவனுக்குப் பிடித்திருந்தது. போன ஆவணித் திருவிழாவில், அக்கரையில் மடு மாதா கோயிலில் அவள் யாத்திரைக்காரர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது, பசியே இல்லாமல் இரண்டு தடவை வரிசையில் நின்று வாங்கிக் குடித்தவன் இவன். அதனால் அவனும் அண்ணனிடம் சண்டை போட்டதோடு நிறுத்திக்கொண்டான்.

சம்மாட்டி ஞாயிற்றுக்கிழமை வந்து வீடு பார்ப்பதாகப் பேச்சு.

இன்று வியாழக்கிழமை.

கப்பல் துறையை விட்டு விலகியது. சந்தியாகு அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைக் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு அலமாரியைத் திறந்தான். முதல் ஆளாக வந்து நின்றவர் ஒரு கனத்த மனிதர். தோளில் கட்டம் போட்ட சால்வை, கையில் குடை, வாயை மறைக்கும் நரைத்த மீசை. பிராந்தி சோடா கேட்டார். குடித்தார். காசு வைத்தார். இன்னொன்று கேட்டார். அதையும் குடித்துவிட்டுக் காற்றைப் பற்றியும் மீனைப் பற்றியும் பேச ஆரம்பித்தார். பார்க்காரனிடம் பேசாமல் குடிக்கிற மனிதர் அபூர்வம். சந்தியாகு கிளாஸைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினான்.

மூன்றாவதைக் கையில் வாங்கிக்கொண்டு, தான் பாம்பனுக்குப் போவதாகச் சொன்னார்.

"மகளுக்கு ஒரு மாப்பிளைக் கதை வந்திருக்கு தம்பி. ஞாயிறு வாறன் எண்டு சொன்னனான். சொன்ன நாளில போனா வீட்டை மெழுகி வச்சிருப்பினம். சொல்லாத நாளில போனாத்தான் வீடு விளங்கும்."

சந்தியாகின் கையில் துடைக்கிற துணி அப்படியே நின்றது. மனிதர் யார் என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவசரமாக இன்னொரு கிளாஸை எடுத்து, ஏற்கெனவே துடைத்ததையே மறுபடியும் துடைத்தான்.

சம்மாட்டி தன் போக்கில் சொல்லிக்கொண்டு போனார். பையன் இதே கப்பலில் டிக்கெட் பார்க்கிறானாம். ஆனால் ஏறும்போது நாலு பேரிடம் விசாரித்துப் பார்த்தால், டிக்கெட் பார்க்கிறவர்களில் பாம்பன்காரன் யாருமே இல்லை என்கிறார்களாம். என்ன வேலை செய்தாலும் பரவாயில்லை, வேலையை மறைக்கிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்றார். பிறகு முன்னால் குனிந்து கேட்டார்.

"நீ இந்தக் கப்பல் பொடியன்தானே. சந்தியாகு எண்டு ஒருத்தனைத் தெரியுமே?"

அந்தக் கேள்விக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஞாயிறுவரை தள்ளிப்போட்டிருக்கலாம். நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் நாலு பேர் கிளாஸை நீட்டிக்கொண்டிருக்கும்போது, மூன்று கிளாஸ் உள்ளே போன மனிதரிடம் சம்பந்தம் பேசுவதா? சந்தியாகுக்குப் பொய்யும் வரவில்லை, மெய்யும் முழுசாக வரவில்லை.

"தெரியும் ஐயா. ஆனா அவன் டிக்கெட் பார்க்கலை. என்ன வேலைன்னு அவனே உங்ககிட்டச் சொல்லுவான்."

சம்மாட்டியின் முகம் சிவந்துவிட்டது. அப்படியானால் சொல்லி அனுப்பியது அத்தனையும் பொய்தான் என்றார். தன் மகளுக்கு இந்தக் கதி வேண்டுமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கிளாஸை ஒரே மடக்கில் காலி செய்து, டக்கென்று பலகையில் வைத்து, இன்னொன்று ஊற்று என்றார்.

சந்தியாகு ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். கடைசி மணல்திட்டு பின்னால் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கரை தெரிந்துவிடும். மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. பலகையைப் பிடித்திருந்த கை இறுகியிருந்தது. இன்னொன்று உள்ளே போனால் ஏணியில் கால் நிற்காது என்பது அவனுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது.

கரை வந்துவிட்டது, இனிமேல் பிராந்தி இல்லை ஐயா என்று மெதுவாகச் சொன்னான்.

அவ்வளவுதான். தான் யார் தெரியுமா என்று சம்மாட்டி சத்தம் போட்டார். காசு கொடுக்கிறவனுக்கு ஊற்றத்தானே உன்னை வைத்திருக்கிறது, கூப்பிடு உன் துரையை என்று குடைக்காம்பால் பலகையைத் தட்டினார். வாசல் பக்கம் பெரிய ஸ்டூவர்ட்டின் தொப்பி தெரிந்தது. ஒரே ஒரு புகார் வந்தால் சாவி போய்விடும். ஊற்றிக் கொடுத்துவிட்டால் சத்தம் அடங்கும், சாவி தங்கும். இறங்குகிற இடத்தில் இவர் போலீஸில் மாட்டினால் சம்பந்தமும் தானாகவே முறியும், பொய் சொன்ன குற்றமும் வெளியே வராது. இப்படி ஒரு யோசனை சந்தியாகின் தலைக்குள் எட்டிப் பார்த்தது. சீ என்று அதைத் தள்ளிவிட்டான்.

சமையல்கட்டிலிருந்து ஒரு கெட்டில் வெந்நீர் வாங்கிவரச் செய்தான். அலைக்கு வாந்தியெடுக்கிற பயணிகளுக்காக அம்மா வாராவாரம் சுக்கும் மிளகும் இடித்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். அதில் இரண்டு சிட்டிகை போட்டு, ஒரு எலுமிச்சம்பழம் முழுசாகப் பிழிந்து, உப்புப் போட்டுக் கலக்கி, பிராந்தி கிளாஸிலேயே ஊற்றினான். வீட்டில் கொடுப்பதுபோல விளிம்புவரை ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினான்.

"இது கப்பல் சரக்கு இல்ல ஐயா. என் கையால தாரேன். இதைக் குடிச்சிட்டு அப்பறமா புகார் சொல்லுங்க. நானே தொரையைக் கூப்பிடுறேன்."

இரண்டு கையாலும் நீட்டுகிறவனிடம் சத்தம் போடுவது கஷ்டம். சம்மாட்டி வாங்கிக் குடித்தார். காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வழிந்தது. திட்ட வாயைத் திறந்தவர் இருமினார். சந்தியாகு அவரைக் கைப்பிடித்து, காற்று வருகிற பக்கமாக நாற்காலி போட்டு உட்கார வைத்தான். கப்பல் கரையணைகிறவரை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டும் வந்தான்.

பயணிகள் இறங்கும்போது சந்தியாகு மேலே நின்று பார்த்தான். பக்கத்தில் நின்று குடித்த இரண்டு பேர், பார் மூடியதும் தங்கள் பையிலிருந்ததைத் திறந்திருக்க வேண்டும், ஏணிப்படியிலேயே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். போலீஸ்காரர் இரண்டு பேரையும் பாசத்தோடு ஓரங்கட்டினார். அவர்களுக்குப் பின்னால் இறங்கிய கைத்தான் சம்மாட்டி குடையை ஊன்றிக்கொண்டு நேராக நடந்து போனார். ஒரு தடவை மட்டும் நின்று கப்பலைத் திரும்பிப் பார்த்தார்.

அரக்கு வைத்து முடிக்கிற வரைக்கும் பார்க்காரன் இறங்க முடியாது. அதற்குப் பிறகு சந்தியாகுக்கு அன்று வார ஓய்வு. கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தபோது காலை ரயில் போய்விட்டிருந்தது. தெரிந்த கார்டு ஒருவர் தயவில் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு பாம்பனில் வந்து இறங்கினான். வழி முழுக்க ஒரே யோசனை. அண்ணன் வாயைத் திறப்பதற்குள் தான் போய்ச் சேர வேண்டும். போனதும் சொல்லிவிட வேண்டும். பெண் கிடைக்காமல் போனாலும் சரி, இந்தப் பொய்யோடு இன்னொரு நாள் கப்பலேற முடியாது.

அவன் போய்ச் சேருவதற்குள் அண்ணன் வாயைத் திறந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

கூடத்தில் இருந்த ஒரே நாற்காலியில் சம்மாட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே முக்காலியில் காப்பி ஆறிப்போயிருந்தது. பக்கத்தில் ஒரு செம்பு இளநீர். அதற்கும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். மூன்றும் தொடாமல் இருந்தன. சந்தியாகு வாசலில் நின்றபடியே அதைத்தான் முதலில் பார்த்தான். இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் அவர்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேச வந்த பெண் வீட்டார், சம்மதம் என்றால்தான் மாப்பிள்ளை வீட்டார் கையால் வாங்கிக் குடிப்பார்கள். குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது, பிறகு பின்வாங்கக் கூடாது. தொடவில்லை என்றால் இன்னும் சம்மதமில்லை என்று அர்த்தம்.

சிலுவைமுத்து இதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. தம்பியின் உத்தியோகத்தைப் பற்றி ஆனந்தமாக அளந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு டிக்கெட்டிலும் தேதி பார்க்க வேண்டுமாம், ஓட்டை போட வேண்டுமாம், டிக்கெட் இல்லாதவனைப் பிடித்துத் துரையிடம் ஒப்படைக்க வேண்டுமாம். சம்மாட்டி மீசையைத் தடவிக்கொண்டு, ஓட்டை எந்தப் பக்கம் போடுவார்கள் என்று கேட்டார். சிலுவைமுத்து சற்றும் தயங்காமல், ஓரத்திலே என்றார். அடுப்படி வாசலில் யாகப்பம்மாள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

சந்தியாகு உள்ளே வந்தான். சம்மாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, போதும்ணே" என்றான் சந்தியாகு. "ஐயா, நான் டிக்கெட் பார்க்கலை. அந்தக் கப்பல்ல பார் என் பொறுப்புல இருக்கு. காலையில உங்களுக்கு ஊத்திக் குடுத்தது நான்தான். அங்கனயே சொல்லியிருக்கணும், சொல்ல வாய் வரலை. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு. பொண்ணுக்காக இதை விடவும் மாட்டேன், மறைக்கவும் மாட்டேன்."

சிலுவைமுத்துவின் வாய் திறந்தது, மூடவில்லை.

சம்மாட்டி நிதானமாக எழுந்து சால்வையைச் சரிசெய்தார். இறங்கும்போதே பெரிய ஸ்டூவர்ட்டிடம், புகார் ஒன்றும் சொல்லாமல், பார்க்காரனின் பெயரை மட்டும் கேட்டுவிட்டாராம். வந்து உட்கார்ந்ததிலிருந்து, இந்த வீட்டில் ஒருவராவது மெய் பேசுகிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாராம். பையன் பேசிவிட்டான், சந்தோஷம், ஆனால் மூத்தவர் அரை மணி நேரமாக ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார், இப்படிப்பட்ட வீட்டில் எப்படிப் பெண்ணைக் கொடுப்பது என்றார். குடையை எடுத்தார். போகிற போக்கில் மனக்குறையையும் கொட்டிவிட்டார்.

"வயசுக்கு மூத்தவன் ஒரு கிளாஸ் கேட்டனான். தரமாட்டன் எண்டுட்டு, சுக்குத் தண்ணியை வாயில ஊத்தி அனுப்பினவன் உங்கட மகன்."

யாகப்பம்மாள் அடுப்படி வாசலை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். அந்த வீட்டில் அவள் இதுவரை சம்பந்தப் பேச்சில் வாயே திறந்ததில்லை.

"சுக்குத் தண்ணிய எம் மவன் குடுத்தானா?"

ஓம் என்றார் சம்மாட்டி.

"நீங்க வாங்கிக் குடிச்சீகளா?"

குடித்தேன் என்றார்.

"அதுக்குக் காசு குடுத்தீகளா?"

சம்மாட்டி யோசித்துப் பார்த்தார். மூன்று பிராந்திக்குக் காசு வைத்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. நாலாவதற்கு வைத்ததாக ஞாபகம் இல்லை. சந்தியாகு தரையைப் பார்த்துக்கொண்டு, வாங்கவில்லை என்று சொன்னான்.

"அந்தச் சுக்கு இந்த அடுப்படியில நான் இடிச்ச சுக்கு" என்றாள் யாகப்பம்மாள். "காசு குடுத்துக் குடிச்சதெல்லாம் கப்பல் கணக்கு. அதை நான் கேக்கலை. இது எங்க வீட்டுத் தண்ணி. எங்க புள்ள கையால வாங்கிக் குடிச்சிட்டீக. வழக்கம் தெரிஞ்ச சம்மாட்டி நீங்க. இனி என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க."

சிலுவைமுத்து, நம் அம்மாவா இது என்று பார்த்தார். சந்தியாகுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பெரிய மனிதரை இப்படி மடக்கலாமா, கோபித்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தான்.

சம்மாட்டி குடையைச் சுவரில் சாய்த்தார். நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். சந்தியாகைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு முன்னால இறங்கின ரெண்டு பேரையும் போலீஸ் பிடிச்சு உக்கார வச்சதைக் கண்டனான். அந்த ஒரு கிளாஸ் நீ தந்திருந்தா மூண்டாவதா நானும் அங்கதான் இருந்திருப்பன். ரயிலேறின பிறகுதான் அது எனக்கு விளங்கினது. உனக்கு நான் யாரெண்டு அப்பவே தெரியும். சண்டை போட்ட மனிசனை விழட்டும் எண்டு விட்டிருக்கலாம். நீ விடேல்லை."

கை நீட்டி டம்ளரை எடுத்தார். தண்ணீரை அண்ணாந்து முழுசாகக் குடித்துவிட்டு வைத்தார். யாகப்பம்மாள் மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்ததும் முதல் வேலையாக, ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு சூடு பண்ண உள்ளே ஓடினாள். ஓடும்போது, சம்பந்தி இருந்து சாப்பிட்டுத்தான் போகணும் என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

சம்மாட்டி சிலுவைமுத்துவின் பக்கம் திரும்பினார். நாளைக்குக் கோயிலில், சந்தையில், கடற்கரையில் யாராவது தம்பிக்கு என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்வீர் என்று கேட்டார். சிலுவைமுத்து பக்கத்துச் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் தம்பியைப் பார்த்தார்.

"பார்ல இருக்கான்னு சொல்றேன். கப்பல் பாரு. அவன் பொறுப்புல இருக்குன்னு சொல்றேன்."

ஐந்து வருஷத்தில் அண்ணன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது இதுதான் முதல் தடவை. சாவி வாங்கியபோதுகூடச் சந்தியாகுக்கு இத்தனை சந்தோஷம் இல்லை. அண்ணன் பக்கத்தில் போய் நின்றான். சிலுவைமுத்து கூச்சத்தோடு, ஏலே, அந்தக் கோட்டை எதுக்குக் கையில சுருட்டி வச்சிருக்க, கசங்கிரும், கொடியில போடு என்றார். கொடியில் அதை விரித்துப் போட்டதும் அவரேதான்.

சாப்பாடு முடிந்தது. விளமீன் குழம்பும் கருவாட்டுப் பொரியலும் சம்மாட்டிக்குப் பிடித்துப் போயிற்று. முன்பே பேசியபடி ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை முறையாக வருவதாகவும், இந்த முறை பிரகாசியையும் அவள் சித்தியையும் கூட்டி வருவதாகவும் சொன்னார். மெட்ராஸிலிருந்து வரும் மெயிலைப் பிடித்துத் தனுஷ்கோடி போய், சாயங்காலக் கப்பலில் ஊர் திரும்ப வேண்டும். ஸ்டேஷன் வரைக்கும் மாப்பிள்ளை கூட வரட்டும் என்றார். மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டு யாகப்பம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெயிலில் இரண்டு பேரும் நடந்தார்கள். சந்தியாகு குடையை வாங்கிச் சம்மாட்டிக்குப் பிடித்துக்கொண்டு வந்தான். காலையில் கப்பலில் அத்தனை பேசிய மனிதர், இப்போது பேச்சே இல்லாமல் வந்தார். ஸ்டேஷன் கண்ணில் பட்டதும் நடை தளர்ந்தது. முன்னும் பின்னும் பார்த்தார். யாரும் இல்லை. சந்தியாகின் தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

போன வருஷம் தன் மனைவி நோயில் கிடந்தபோது, மகள் தன்னை மடுக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், மாதா முன்னால் நிறுத்தி, இனிமேல் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டாளாம். ஊரில் ஒரு சொட்டுத் தொடுவதில்லையாம். கடலுக்கு நடுவில்தான் எப்போதாவது. அது எந்த ஊரிலும் சேராது என்று அவர் தன் மனசைத் தேற்றி வைத்திருக்கிறாராம். பிரகாசிக்கு இது தெரியாது. தெரிந்தால் வீட்டுப் படியேற விடமாட்டாள். மாப்பிள்ளையை முதலில் எங்கே பார்த்தீர்கள், எப்படிப் பிடித்துப் போயிற்று என்று அவள் துருவித் துருவிக் கேட்பாள். பாம்பனில் வீட்டில்தான் பார்த்தேன் என்று தான் சொல்லிவிடப் போவதாகவும், மாப்பிள்ளையும் அப்படியே சொல்லிவிட வேண்டும் என்றும் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

சந்தியாகு ஒரு பொய்யை இத்தனை நாளாகச் சுமந்து, இப்போதுதான் இறக்கி வைத்து நிமிர்ந்திருக்கிறான். அதற்குள் மாமனார் இன்னொன்றைத் தலையில் ஏற்றப் பார்க்கிறார். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. இந்த மனிதரை அவனுக்குப் பிடித்துவிட்டது.

"மாமா, பார்ல நடந்ததை வெளியில சொல்றவன் பார்க்காரனே இல்ல. நானா வாயத் தொறக்க மாட்டேன், என்னை நம்பலாம். ஆனா அவுக என் முகத்தைப் பார்த்து நேரா கேட்டுப்புட்டா, என்னால பொய் சொல்ல ஏலாது."

தூரத்தில் பாலத்தின் மேல் மெயில் வருகிற சத்தம் கேட்டது. சம்மாட்டி நின்றுவிட்டார். குடையை அவன் கையிலிருந்து வாங்கி மடக்கினார்.

"அவளுக்கு வேற மாதிரிக் கேக்கத் தெரியாது தம்பி" என்றார்.